கிளிக்காய்ச்சலை உரக்கச் சொன்னவள்

என்னைப் பற்றி எழுத ஆரம்பித்தால் ஒரு புத்தகத்தில் அடங்காது. அதனால் என் தங்கையைப் பற்றி எழுதுகிறேன். அவளைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆளும் கிடையாது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் அரைகுறை. இருந்தாலும் பறவைக் கடைத் தெருவில் இன்றைக்குத் தொங்குகிற கூண்டுகளில் பாதி என் பட்டறையில் வளைந்த கம்பி. என் கூண்டின் கதவு பத்து வருஷம் திறந்து மூடினாலும் தளராது. படித்தவர்கள் செய்த கூண்டு எத்தனை வருஷம் நிற்கிறது என்று பார்த்துவிட்டு வந்து என்னிடம் பேசட்டும்.

தங்கையின் புருஷன் வேலை தேடிப் போகிறேன் என்று போனவன், போன இடத்தில் இன்னொரு குடித்தனத்தையும் தேடிக்கொண்டான். இவள் ஒரு பெட்டியோடு என் வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. "அண்ணே, உட்கார வச்சுச் சோறு போடாதீங்க. வேலை குடுங்க" என்றாள். கம்பி வளைக்க வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் கூண்டு கோணிக்கொண்டு நிற்கிறது.

"இதுல கிளி இருக்காது, அதுக்குக் கழுத்து சுளுக்கிக்கும்" என்றேன்.

"உங்க தங்கச்சி செஞ்ச கூண்டுன்னா கிளி பொறுத்துக்கும்" என்றாள்.

கம்பி அவளுக்கு வரவில்லை. ஆனால் வேறொன்று வந்தது. எங்கள் தெருவுக்கு மொத்த வியாபாரிகள் பெட்டி பெட்டியாகப் பறவை இறக்குவார்கள். அதில் இறகு முளைக்காத குஞ்சுகளும் கலந்து வந்துவிடும். தானே தின்னத் தெரியாத அவற்றைக் கடைக்காரர்கள் கழிவு என்று ஒதுக்கிவிடுவார்கள். என் தங்கை அந்தக் கழிவைப் பொறுக்கி எடுத்து வந்தாள். ஊறவைத்த தினையை மென்று, கூழாக்கி, கன்னத்தில் அடக்கிக்கொண்டு, உதட்டைக் குவித்துக் குஞ்சின் முன்னால் நீட்டுவாள். குஞ்சு அலகை உள்ளே விட்டுத் தின்னும். கரண்டியில் ஊட்டினால் கூழ் சீக்கிரம் ஆறிவிடும், குஞ்சுக்கு வயிறு கெடும். வாய்ச்சூடு குஞ்சுக்குச் சரியான சூடு என்பது அவள் கணக்கு. பிழைத்த குஞ்சுகள் மனுஷனைக் கண்டால் பறந்து வந்து தோளில் உட்கார்ந்தன.

"கிளியக்கா கடைக் கிளி கடிக்காது" என்று ஊரெல்லாம் பேச்சாயிற்று. பட்டறை ஓரத்தில் ஒரு மூலையில் ஆரம்பித்தவள், தெருமுனையில் சொந்தமாகக் கடை போட்டாள். மகனோ மகளோ இல்லாதவள் கடையில் கொண்டைக்கிளியும் பச்சைக்கிளியும் லவ்பேர்ட்ஸுமாக நூற்றுக்குக் குறையாமல் கத்திக்கொண்டிருக்கும். அவளுக்கு உறவு, சொத்து, ஊர் எல்லாம் அதுதான்.

இங்கே எங்கள் தெருவின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்பு ஒரு சமயம் எங்கோ கோழிகளுக்குக் காய்ச்சல் வந்தது. எங்கள் தெருவில் கோழியே விற்பதில்லை. ஆனாலும் சுகாதார இலாகா ஆட்கள் வண்டியில் வந்து இறங்கி, கண்ணில் பட்ட பறவைகளையெல்லாம் சாக்கில் திணித்துக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். அன்றிலிருந்து தெருவில் யாரும் வெளியாளிடம், அதுவும் ஆஸ்பத்திரியில், பறவைத் தொழில் என்று சொல்வதில்லை. என்ன வேலை என்று கேட்டால் "வியாபாரம்" என்போம். என்ன வியாபாரம் என்று கேட்டால் "சின்ன வியாபாரம்தான்" என்போம். தெருவில் பிறந்த குழந்தைகூட இதைப் பால் குடிக்கும்போதே படித்துக்கொள்ளும்.

அந்த வருஷம் மழை முடிந்த சமயத்தில் ஒரு மொத்த வியாபாரி கொண்டைக்கிளிகளை இறக்கினான். பாதியை என் தங்கை எடுத்தாள், மீதியைப் பக்கத்துக் கடைப் புறாக்காரர் எடுத்தார். புறா விற்கிறவருக்குக் கிளி மேல் என்ன ஆசையோ! பறவைகள் இறகை உப்பிக்கொண்டு, குளிர்ந்தவை போல் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தன. கண்ணோரம் ஈரம். எச்சம் பச்சையாக, தண்ணீராக இருந்தது. இரண்டு குஞ்சுகள் வாயைத் திறக்கவே இல்லை. அவள் வழக்கம்போல் எடுத்து மடியில் வைத்து ஊட்டினாள். ஒன்று செத்துப்போயிற்று. இன்னொன்று அவள் உதட்டிலிருந்து அலகை எடுக்காமல் தின்றது.

அடுத்த வாரம் போய் அதற்கடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. தலைவலி என்றால் அப்படி ஒரு தலைவலி. விளக்கைப் போட்டால் கத்துவாள். வறட்டு இருமல். மாடிப்படி நாலு ஏறினால் மூச்சு வாங்கியது. என் மனைவிதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே டாக்டரம்மா கேட்டார். "என்னம்மா வேலை பாக்கறீங்க?"

"வியாபாரம்."

"என்ன வியாபாரம்?"

"சின்ன வியாபாரம்தான் டாக்டர்."

என் மனைவியும் தெருக்காரிதான். தலையை ஆட்டினாள்.

நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது என்று படுக்க வைத்தார்கள். ஊசி போட்டார்கள். எல்லோருக்கும் கேட்கிற ஊசி, இவளுக்குக் கேட்கவில்லை. காய்ச்சல் இறங்குவது போல் பாவனை காட்டிவிட்டு மறுபடி ஏறியது. மூக்கில் குழாய் வைத்துக் காற்றுக் கொடுத்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது உதடு வெடித்துக் கிடந்தாள்.

"எப்படி இருக்க?"

"உங்க கூண்டு மாதிரி திடமா இருக்கேன்" என்றாள். அதைச் சொல்லி முடிக்க மூன்று தடவை மூச்சு வாங்கினாள்.

அன்றைக்கே புறாக்காரரையும் தூக்கி வந்தார்கள். அதே காய்ச்சல், அதே இருமல். ஆனால் ஆளுக்கு நினைவு தப்பிவிட்டது. ஆண்கள் வார்டில் போட்டு அதே ஊசியைக் குத்தினார்கள். அவர் மனைவி என் தங்கையின் கட்டில் கால்மாட்டில் உட்கார்ந்து புடவை முனையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"அக்கா, டாக்டர் கையை விரிச்சுட்டாரு. மருந்து கேக்கலயாம். என்னன்னே தெரியலயாம்."

"அவரு என்ன வேலைன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. வியாபாரம்னு சொன்னேன்."

தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். அவள் மனசு அப்போது எங்கே ஓடியது என்று அவளே பிறகு என்னிடம் சொன்னாள். ஒரே பெட்டியில் வந்த கிளி. எடுத்தது இரண்டே கடை. படுத்திருப்பது அந்த இரண்டு கடைக்காரர்கள். இதைச் சொன்னால் டாக்டருக்கு வழி தெரியலாம். சொன்ன மறுநாள் சாக்கு வரும். நூறு பறவையும் போகும். சொல்லாவிட்டால் புறாக்காரர் போவார், பின்னாலேயே இவளும் போவாள்.

விஷயம் எப்படியோ மோப்பம் பிடித்து எங்கள் தெருச் சங்கத் தலைவர் வந்துவிட்டார். சலவை மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஆப்பிள் பை. ஆள் கெட்டவர் இல்லை. ஆனால் தெரு என்றால் தன் பாக்கெட்டில் இருக்கிற கைக்குட்டை என்று நினைப்பு.

"என்ன தங்கச்சி, உடம்பு எப்படி? பழம் சாப்பிடு. கண்டதையும் யோசிக்காத."

"யோசிக்கிறதுக்குத்தான் படுத்திருக்கேன் அண்ணாச்சி."

"வாய மட்டும் தொறந்துடாத. முப்பது குடும்பம் இருக்கு தெருவுல."

"புறாக்காரரு குடும்பத்தோட சேத்தா, சேக்காமயா?"

தலைவர் ஆப்பிளைத் தேய்க்க ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா சுற்றி வந்தார். தங்கை மூக்கில் இருந்த குழாயைக் கையால் விலக்கினாள்.

"டாக்டர், நான் சொன்ன வேலை பொய். நான் கிளி விக்கிறவ. குஞ்சுக்கு என் வாயாலயே ஊட்டுறேன். வந்த குஞ்சுங்க சீக்கா இருந்துச்சு. ஒண்ணு செத்துப்போச்சு. ஆண்கள் வார்டுல நெனப்பில்லாம கெடக்காரே, அவரும் அதே கிளிய வாங்குனவருதான். எங்க தெருவே பறவைத் தெரு."

வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். பக்கத்துக் கட்டில் கிழவி எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். தலைவர் கையிலிருந்த ஆப்பிள் கட்டிலுக்கு அடியில் உருண்டது.

டாக்டரம்மா கோபப்பட்டார். கோபப்படத்தான் வேண்டும். "இத மொதல் நாளே சொல்றதுக்கு என்னம்மா? இது கிளிக்காய்ச்சலா இருக்கலாம். கிளமிடியான்னு ஒரு கிருமி. பறவையோட எச்சம் காஞ்சு தூசியாப் பறக்கும், மூக்கு வழியா உள்ள போயிடும். நீங்க மூக்குக்கு வேலையே வைக்காம வாயிலயே வாங்கியிருக்கீங்க. நாங்க போட்ட ஊசி இதுக்குக் கேக்காது. இதுக்கு மருந்து வேற." சோதனைக்கு ரத்தமும் சளியும் எடுத்தார். முடிவு வரும்வரை காத்திருக்காமல் இரண்டு பேருக்கும் மருந்தை மாற்றினார்.

மறுநாளே என் தங்கைக்குக் காய்ச்சல் தணிந்தது. அதற்கு மறுநாள் எழுந்து உட்கார்ந்து, ஆஸ்பத்திரி ரொட்டி அட்டை மாதிரி இருக்கிறது என்று சண்டை போட்டாள். புறாக்காரருக்கு நினைவு திரும்ப இன்னும் சில நாள் ஆயிற்று. கண் திறந்ததும் அவர் கேட்டது புறாவுக்குத் தண்ணி வைத்தார்களா என்றுதான். சோதனை முடிவும் டாக்டரம்மா சொன்னதையே சொன்னது.

தெரு என்ன செய்தது? வாழ்த்துப் பா பாடவில்லை. தானியக் கடைக்காரன் அவளுக்குத் தினை தர மாட்டேன் என்றான். எதிர்க்கடைக்காரன் அவள் கடைப் பக்கம் பார்த்துத் துப்பினான். இரவோடு இரவாகத் தலைவர் தன் கடையில் பாதிப் பறவையை உறவுக்காரர் வீடுகளுக்கு அனுப்பினார். எனக்கும் யோசனை சொன்னார். "உன் தங்கச்சி கிளிங்களையும் எங்கயாவது கொண்டுபோய் வச்சுடு. சோதனைக்கு வந்தா காலிக் கடையக் காட்டுவோம்."

அவள் அதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள். "என் வீட்டு நோய எடுத்து அடுத்தவன் வீட்டுக் குழந்தை மூக்குல வைக்கவா? ஒரு இறகு வெளிய போகாது. உள்ளயும் எவனும் வர மாட்டான்."

சுகாதார அதிகாரி வந்த அன்று நான் பட்டறையை மூடிவிட்டுப் போயிருந்தேன். தங்கை ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த நேரம். நிற்கத் தெம்பில்லை. கடை வாசலில் ஒரு முக்காலி போட்டு ஷட்டரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஆஸ்பத்திரி முகமூடி. வண்டியிலிருந்து இரண்டு ஆட்கள் சாக்குக் கட்டை இறக்கினார்கள். கூடவே ஒரு கால்நடை மருத்துவர், ஒல்லியான மனிதர், ஓரமாக நின்றார்.

அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா, நீங்களா முன்வந்து சொன்னீங்க, சந்தோஷம். இப்ப ஒத்துழைங்க. எல்லாத்தையும் அழிச்சாத்தான் நோய் போகும்."

"ஐயா, எனக்கும் இந்த நோய்தானே வந்துச்சு?"

"ஆமா."

"எனக்குக் காய்ச்சல் வந்தப்ப சாக்கு கொண்டு வந்தீங்களா, மாத்திரை கொண்டு வந்தீங்களா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "மனுஷனும் பறவையும் ஒண்ணாம்மா?"

"கிருமிக்கு ஒண்ணாத்தானே இருந்துச்சு! அதுக்கு வித்தியாசம் தெரியல. ஒரே கிருமி, ஒரே மருந்து. இல்லன்னு அந்த டாக்டர சொல்லச் சொல்லுங்க, நானே எந்திரிச்சு வழி விடறேன்."

எல்லோரும் கால்நடை மருத்துவரைப் பார்த்தார்கள். மனிதர் தொண்டையைச் செருமினார். "மருந்து அதே வகைதான் சார். தீனியில கலந்து ஒன்றரை மாசம் விடாம குடுக்கணும். கடைய சீல் வைக்கணும். கஷ்டம், ஆனா முடியாதது இல்ல. அப்புறம் சோதனை பண்ணலாம்."

"சோதனையில ஒண்ணுக்கு இருந்தாலும்?" என்று அதிகாரி கேட்டார். கேட்டது டாக்டரை, பார்த்தது என் தங்கையை.

"ஒண்ணுக்கு இருந்தாலும் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க. நானே சாக்கப் பிடிக்கிறேன்" என்றாள் தங்கை.

அந்த வார்த்தையைச் சொன்னபோது அவள் கை முக்காலியின் விளிம்பை எப்படிப் பிடித்திருந்தது என்பதை நான் பார்த்தேன். அதிகாரி பார்த்திருக்க மாட்டார். சீல் வைத்துவிட்டு, பின்கதவு வழியாக அவள் மட்டும் போய்வரலாம் என்று சொல்லிவிட்டு, புறாக்காரர் கடைக்கும் அதே ஏற்பாட்டைச் செய்துவிட்டுப் போனார்.

அந்த ஒன்றரை மாதத்தைப் பற்றி ஆளாளுக்குக் கதை சொல்வார்கள். கூட நின்றவன் நான், நான் சொல்வதுதான் நடந்தது. முகமூடி போட்டு, கையுறை போட்டு, எச்சத்தின் மேல் முதலில் கிருமிநாசினித் தண்ணீரைத் தெளித்து நனைத்த பிறகுதான் வழித்தெடுப்பாள். காய்ந்த துடைப்பத்தை வெளியே எறிந்துவிட்டாள். மருந்து கலந்த தீனியைத் தவிர வேறு எதுவும் கிடையாது. கூண்டில் தொங்குமே கணவாய் ஓடு, கிளி அலகைத் தீட்டுகிற வெள்ளை ஓடு, அதையும் கழற்றச் சொன்னார் மருத்துவர். அதில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து மருந்தை உடம்பில் ஒட்ட விடாதாம்.

ஓட்டைக் கழற்றியதும் பறவைகள் என்ன செய்தன தெரியுமா? கம்பி வழியாக அலகை நீட்டி வெள்ளையடித்த சுவரைக் கொறிக்க ஆரம்பித்தன. சுவரில் இருப்பதும் சுண்ணாம்புதானே! மருத்துவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். நான் மறுநாளே மருத்துவரிடம் அனுமதி வாங்கி, முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போய் எல்லாக் கூண்டுக்கும் இரும்புக் கால் அடித்து, சுவரை விட்டு நகர்த்தி நடுக்கடையில் நிறுத்தினேன். இந்தத் தெருவில் வேறு எவனுக்காவது அந்தக் கை இருக்கிறதா? மருத்துவரே என் வெல்டிங்கைத் தடவிப் பார்த்தார். தினையும் நான்தான் அடுத்த பேட்டையிலிருந்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன்.

வாயால் ஊட்டுவது போயிற்று. ஊசி கழற்றிய சிரிஞ்சில் கூழை நிரப்பி ஊட்டினாள். குஞ்சுகள் சிரிஞ்சைத் தட்டிவிட்டு அவள் முகமூடியைக் கொத்தின. "வாயப் பாக்காத. வாய் மூடியாச்சு" என்று அதட்டுவாள். சில செத்தன. ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி மருத்துவரிடம் ஒப்படைத்தாள். எந்தக் கூண்டு காலியாயிற்று என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. என் மனைவி மட்டும், "அந்த உதட்டுல ஒட்டிக்கிட்டிருந்துச்சே, அது?" என்று கேட்டாள். "இருக்கு அண்ணி. திமிரா இருக்கு" என்றாள்.

சோதனைக்கு மாதிரி எடுத்துப் போனார்கள். முடிவு வருகிற நாளில் அதிகாரியின் வண்டி எங்கள் தெருவில் நுழைந்தது. வண்டியில் சாக்குக் கட்டு இருந்தது. தங்கை அதைப் பார்த்தாள். எழுந்து பின்கதவைத் திறந்து விட்டாள். சொன்ன சொல்லுக்கு வழி விடுகிறாளாம்!

அதிகாரி இறங்கி வந்து, "உங்களுக்கு இல்லம்மா, உங்க பறவைங்க சுத்தமா இருக்கு" என்று சொல்லி ஷட்டரின் சீலைக் கிழித்தார். தங்கை முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் கேட்டாள். "அப்ப சாக்கு யாருக்கு?"

சாக்கு தலைவருக்கு. அதிகாரிகள் தெருவையே சோதித்திருந்தார்கள். எச்சத் தூசி பறந்து போய் ஒட்டியதோ என்னவோ, அவர் கடையில் மிச்சமிருந்த பறவைகளில் நோய் இருந்தது. தலைவர் தன் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். சட்டை அன்றைக்குக் கசங்கியிருந்தது. என் தங்கையைப் பார்த்தார், கூப்பிட வாய் வரவில்லை. கூப்பிடவும் வேண்டியிருக்கவில்லை. இவள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து போய் அவர் கடை வாசலில் போட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, இது உங்க கடை இல்ல" என்றார் அதிகாரி.

"காய்ச்சல் மட்டும் எந்தக் கடைன்னு பாத்தா வருது? எனக்குக் குடுத்த ஒன்றரை மாசம் இவருக்கும் குடுங்க. அதே மருந்து, அதே சீல். கூண்டுக்குக் கால் எங்கண்ணன் அடிச்சுக் குடுப்பாரு."

"இவர் மறைச்சவரு. பாதிப் பறவைய எங்கயோ அனுப்பிட்டாருன்னு தகவல் இருக்கு. நீங்க சொன்னீங்க, இவர் சொல்லல."

"இப்பச் சொல்லுவாரு." திரும்பித் தலைவரைப் பார்த்தாள். "அண்ணாச்சி, எந்தெந்த வீடுன்னு சொல்லுங்க. தெருவுக்கே கேக்கற மாதிரி சொல்லுங்க. அந்த வீட்டு ஆளுங்களுக்கும் மருந்து போகணும்."

"தங்கச்சி, உள்ள போய்ப் பேசுவோமே..."

"உள்ள பேசிப் பேசித்தான் புறாக்காரரு நெனப்புத் தப்பிக் கெடந்தாரு."

கூட்டம் கூடிவிட்டது. தலைவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். முதலில் முணுமுணுத்தார். "கேக்கல" என்றாள். பிறகு குரலை உயர்த்திச் சொன்னார். தம்பி வீடு. பழைய கணக்குப்பிள்ளை வீடு. கொழுந்தியாள் வீடு. அதிகாரி ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார்.

"அவ்வளவுதான்" என்றார் தலைவர்.

"ஒரு வீட்ட விட்டுட்டீங்களே. பேசற பச்சைக்கிளி ரெண்டு போச்சே, சீர் மாதிரி, வண்டி வச்சு?"

தலைவர் முகம் போன போக்கை எழுத எனக்குப் படிப்புப் போதாது. அந்த மழைக்கு முன்னால்தான் மகளைக் கட்டிக் கொடுத்திருந்தார்.

"சம்பந்தி வீடு" என்றார்.

அதிகாரி அதையும் குறித்துக்கொண்டு ஆட்களைப் பார்த்துத் தலையசைத்தார். சாக்குக் கட்டு பிரிக்காமலே வண்டிக்குள் போயிற்று.